குதிகால் வலியில் வெளிப்பட்ட கொலஸ்ட்ரால்: ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

குடும்பத்தினரின் சம்மதத்தோடு எழுதப்பட்ட குறிப்பு இது. யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கொலஸ்ட்ரால் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்பட்டுள்ளன.

பின்னணி

எங்கள் நோயாளிக்கு வயது 34. ஒல்லியான உடல்வாகு, பிஎம்ஐ 22. சிகரெட், மது இரண்டும் கிடையாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்தன. வாரத்தில் நாலைந்து நாள் ஓடுவார், அவ்வப்போது நீண்ட தூர ஓட்டப் போட்டிகளிலும் கலந்துகொள்வார். 9 வயதில் ஒரு மகன், 5 வயதில் ஒரு மகள்.

இரண்டு குதிகால்களின் பின்பக்கத்திலும் அவருக்கு நீண்ட நாளாக வலி இருந்தது. காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது அதிகமாகவும், கொஞ்சம் நடந்த பிறகு குறைவாகவும் இருக்கும். ஓடுபவர்களுக்குச் சகஜமாக வரும் தசைநாண் அழற்சி என்று சொல்லி ஓய்வு, ஐஸ் ஒத்தடம், வலி மாத்திரை, காலணி மாற்றம் என்று வரிசையாகச் செய்து பார்த்தார்கள். வலி குறையும், ஓடத் தொடங்கினால் திரும்பும். ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்ற பேச்சும் வந்தது. குதிகால் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அது அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால், அதற்கு முன் பிசியோதெரபி முயன்று பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள்.

கொலஸ்ட்ரால் பற்றிய சந்தேகம் முதலில் எழுந்தது அங்கேதான். பிசியோதெரபிஸ்ட் தசைநாணை வெறுமனே அழுத்திப் பார்த்து விட்டுவிடவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் தடவிப் பார்த்திருக்கிறார். அழற்சி என்றால் வலிக்கும் இடம் வீங்கியிருக்கும். இங்கே வலி இல்லாத இடத்திலும் தசைநாண் முடிச்சுமுடிச்சாகத் தடித்திருந்தது. பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் முடிச்சுகளும் கூடவே நகர்ந்தன. மேலே இருந்த தோலோ ஒட்டாமல் வழுக்கியது. அப்புறம் கைகளை முஷ்டி பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். விரல் முட்டிகளின் மேல் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன, விரலை நீட்டி மடக்கினால் அவையும் நகர்ந்தன. நோயாளி அவற்றை ஓடும்போது எப்போதோ விழுந்து அடிபட்டதன் தழும்பு என்று நினைத்திருந்தார். பொது மருத்துவர்களான எங்களுக்கு வந்த கடிதத்தில் இதையெல்லாம் இரண்டு வரியில் எழுதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இவருக்குக் கொலஸ்ட்ரால் பார்க்கப்பட்டதா?"

எங்களிடம் வந்தபோது

தசைநாண்களில் இருந்தவை சாந்தோமா எனப்படும் கொலஸ்ட்ரால் படிவுகள் என்பது தொட்டுப் பார்த்ததுமே ஏறக்குறைய உறுதியானது. அல்ட்ராசவுண்டில் வலது தசைநாண் 12 மி.மீ., இடது 11 மி.மீ. தடிமன் இருந்தது. வழக்கமாக 6 மி.மீ. அளவுக்குள்தான் இருக்கும். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் ஒரு வளையமும் இருந்தது. வயதானவர்களிடம் இந்த வளையம் சாதாரணமாகவே காணப்படும், அங்கே அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. 45 வயதுக்கு முன் தெரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

கண் இமைகளில் மஞ்சள் திட்டு எதுவும் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கொலஸ்ட்ரால் அதிகம் என்றால் இமையில் மஞ்சள் திட்டு வரும் என்றுதான் பலரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருக்கும். இவரைப்போல மிக அதிகமாக உள்ளவர்களுக்கு அது வராமலும் போகும். அதைவிட அழுத்தமான அடையாளம் தசைநாண் முடிச்சுதான், அதைத் தேடித் தொட்டால் மட்டுமே தெரியும். அதுவும் எல்லாருக்கும் இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு உயர் கொலஸ்ட்ரால் எந்த அறிகுறியும் தருவதில்லை. களைப்பு, தலைச்சுற்றல், மூச்சு வாங்குதல் என்று பலவற்றை அதன் தலையில் கட்டுகிறார்கள், அவற்றுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கும். ரத்தத்தில் அளந்தால்தான் தெரியும்.

அளந்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 374, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 44, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 140. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கிடைக்கும். 1972இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது, ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இது பொருந்தாது. இவருடைய கணக்கில் எல்டிஎல் 302.

பழைய ரிப்போர்ட்டுகள்

இதற்கு முன் எப்போதாவது கொலஸ்ட்ரால் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "பார்த்திருக்கேன் டாக்டர், கொஞ்சம் அதிகம்னு சொன்னாங்க" என்றார். வீட்டில் தேடி எடுத்துவரச் சொன்னோம். மூன்று ரிப்போர்ட்டுகள் கிடைத்தன.

முதலாவது 29 வயதில், வேலையில் சேரும்போது எடுத்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் அளந்திருந்தார்கள்: 338. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே "கொழுப்பு உணவைக் குறைக்கவும்" என்று ஒரு வரி. இரண்டாவது 32 வயதில், 351. அப்போது பார்த்த மருத்துவர் அவருடைய உடல்வாகைப் பார்த்துவிட்டு, ஒல்லியாக இருக்கிறீர்கள், ஓடவும் செய்கிறீர்கள், உணவில் கவனமாக இருங்கள் போதும் என்றாராம். அவரும் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார், ஓடும் தூரத்தைக் கூட்டினார். அடுத்த வருடம் பார்த்தபோது 322. குறைந்துவிட்டது என்று எல்லாருக்கும் திருப்தி. அதோடு விட்டுவிட்டார்.

இந்த மூன்று தாள்கள்தான் நிகழ்வின் மையம் என்பது என் கருத்து. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒருமுறைக்கு மூன்றுமுறை நடந்திருக்கிறது. எண்ணும் சரியாகவே வந்திருக்கிறது. அதைப் படித்த விதத்தில்தான் கோளாறு. 351 எப்படி 322 ஆனது? உணவு மாற்றம் கொஞ்சம் உதவியிருக்கும். அதோடு, ஒரே ஆளின் கொலஸ்ட்ரால் எந்த மாற்றமும் செய்யாமலேயே சில சதவீதம் ஏறி இறங்கும். இந்த இரண்டும் சேர்ந்தாலே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். குறைந்த பிறகும் 322 என்பது 33 வயதுக்காரருக்கு மிக அதிகம் என்பது, திசை நல்லதாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

நட்சத்திரக் குறியும் ஒரு பங்கு வகித்திருக்கிறது. இயல்பு வரம்பு 200க்குக் கீழே என்று அச்சிட்டிருந்தால் 205க்கும் அதே நட்சத்திரம், 351க்கும் அதே நட்சத்திரம். முதலாமவருக்கு நடையும் உணவுக் கவனமும் போதும். இரண்டாமவருக்கு ஏன் இவ்வளவு என்று தேடியாக வேண்டும்.

அப்பாவின் மரணம்

குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு அவர் முன்பே ஒவ்வொரு இடத்திலும் ஆமாம் என்றே பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை வயதில் என்று யாரும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு முதல் மாரடைப்பு 46 வயதில். இரண்டாவது 51இல், அதில் இறந்துபோனார். தாத்தாவும் நாற்பதுகளில் தூக்கத்திலேயே இறந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். அப்பா நிறைய சிகரெட் பிடிப்பவர். ஆகவே சிகரெட்தான் காரணம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மகன் சிகரெட்டைத் தொடவில்லை, ஓடவும் ஆரம்பித்தார். அப்பாவுக்கு நேர்ந்தது தனக்கு வராது என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. அந்த நம்பிக்கையில் பாதி நியாயம் உண்டு. சிகரெட் அந்த மாரடைப்பைச் சில வருடங்கள் முன்னே தள்ளியிருக்கும். மீதிப் பாதி ரத்தத்தில் இருந்தது.

"அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருந்ததா?" என்று கேட்டோம். அம்மா உறுதியாக இல்லை என்றார், ஆதாரமாகப் பழைய டிஸ்சார்ஜ் தாளையும் கொடுத்தனுப்பினார். முதல் மாரடைப்பின்போது எடுத்த அளவு 241. லேசான உயர்வு, அவ்வளவுதான். தேதிகளைப் பார்த்தால் ரத்தம் எடுத்தது அனுமதிக்கப்பட்ட மூன்றாம் நாள். மாரடைப்பு, கடுமையான தொற்று, பெரிய அறுவை சிகிச்சை போன்றவற்றில் உடல் இருக்கும்போது கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கும். மாரடைப்பில் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கி வாரக்கணக்கில் தாழ்ந்தே கிடக்கலாம். அவருடைய உண்மையான அளவு என்ன என்பதை இப்போது சொல்ல வழியில்லை. ஆனால் அந்த 241ஐ வைத்து அவருக்குக் கொலஸ்ட்ரால் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ஒரு குடும்பமே பல வருடங்கள் அந்த ஒரு எண்ணை நம்பி இருந்திருக்கிறது.

பேச்சோடு பேச்சாக அம்மா சொன்ன இன்னொரு விவரம்: அப்பாவுக்கும் கண்ணில் அதே வெள்ளை வளையம் இளவயதிலேயே இருந்ததாம். அப்பா பக்கத்து ஆட்களின் கண் அப்படித்தான் என்று அம்மா நினைத்திருந்தார்.

நோயை உறுதி செய்தது

எல்டிஎல் 190ஐத் தாண்டினால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். வேறு ஏதாவது நோய் இதை உயர்த்துகிறதா? இல்லையென்றால் இது மரபுவழி வந்ததா?

முதல் கேள்விக்காகத் தைராய்டு பார்த்தோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் கணிசமாக ஏறும், தைராய்டு மாத்திரை கொடுத்தாலே இறங்கியும் விடும். அதைப் பார்க்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்குவது தவறு. சிறுநீரில் புரதம் போகிறதா, ஈரலில் பித்தநீர்த் தேக்கம் உண்டா, சர்க்கரை எப்படி, ஸ்டீராய்டு போன்ற மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்றும் பார்த்தோம். எல்லாம் இயல்பு, மருந்தும் இல்லை. இரண்டு வார இடைவெளியில் மறுபடி எடுத்த லிப்பிட் சோதனையில் எல்டிஎல் 296. முதல் முறை சாப்பிட்ட பிறகு எடுத்தது, இரண்டாவது வெறும் வயிற்றில் எடுத்தது. எல்டிஎல்லில் பெரிய வித்தியாசம் இல்லை, எதிர்பார்த்ததும் அதுதான். சாப்பாட்டால் அதிகம் மாறுவது ட்ரைகிளிசரைடு.

இரண்டாவது கேள்விக்கு டச்சு லிப்பிட் கிளினிக் மதிப்பெண் முறையைப் பயன்படுத்தினோம். எல்டிஎல் 250க்கும் 329க்கும் இடையில் என்பதால் 5, தசைநாண் முடிச்சுக்கு 6, அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததற்கு 1. மொத்தம் 12. கண் வளையத்துக்கு 4 உண்டு, ஆனால் உடல் அடையாளங்களில் பெரிய மதிப்பெண் ஒன்றை மட்டுமே எடுக்க வேண்டும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. 8ஐத் தாண்டினால் உறுதி. மரபணுச் சோதனையில் எல்டிஎல் ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் ஒரு பிறழ்வும் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த நிலைக்கு ஃபெமிலியல் ஹைப்பர்கொலஸ்டிரோலீமியா என்று பெயர், சுருக்கமாக எஃப்எச். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் ஈரல் செல்களின் மேற்பரப்பில் உள்ளன. அந்த ஏற்பிகள் பாதியளவே வேலை செய்தால் துகள்கள் ரத்தத்தில் தேங்கும். இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். எஃப்எச் அரிய நோய் கிடையாது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள்ளும் இதய ரத்தக்குழாய் பாதிப்பு வருகிறது.

எல்டிஎல் போன்ற இன்னொரு துகளான லைப்போபுரோட்டீன் (ஏ) அளவும் ஒருமுறை பார்த்தோம்: 62. 50க்கு மேல் இருந்தால் அதிகம். இதுவும் மரபாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும்.

இதய நோய் அபாயக் கணிப்பான் எதையும் பயன்படுத்தவில்லை. அடுத்த 10 ஆண்டில் மாரடைப்பு வரும் சாத்தியத்தைச் சொல்லும் அந்தக் கணக்குகளில் வயதுக்கே அதிக எடை. 34 வயது, சிகரெட் இல்லை, ரத்த அழுத்தம் சரி என்று உள்ளிட்டால் குறைந்த அபாயம் என்றே பதில் வரும். பிறந்ததிலிருந்து ரத்தக்குழாய்கள் 300 அளவு எல்டிஎல்லைச் சுமந்திருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

சிகிச்சை: என்ன செய்தோம், ஏன்

முதலில் எடுத்த முடிவு, இதயத்தைப் பார்த்து முடிக்கும்வரை நீண்ட ஓட்டங்களை நிறுத்துவது. அவருக்கு இதுதான் மாத்திரையைவிடக் கசந்தது. டிரெட்மில் சோதனை செய்யலாம் என்று யோசித்தோம். ஆனால் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்பு இருந்தால்தான் அதில் தெரியும், வாரத்தில் பாதி நாள் ஓடுகிறவர் அதில் எளிதாகத் தேறிவிடுவார். இதய ரத்தக்குழாய்களில் படிந்த கால்சியத்தின் அளவை மட்டும் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இளவயதுப் படிவுகள் மென்மையானவை, சுண்ணாம்பு ஏறாதவை, ஆகவே பூஜ்யம் என்று வந்து ஏமாற்றலாம். சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தோம். ஒரு ரத்தக்குழாயில் சுமார் 30 சதவீதச் சுருக்கம் இருந்தது, ஓட்டத்தைத் தடுக்காத அளவு. ஓடலாம் என்று அனுமதி கொடுத்தோம், போட்டி வேகத்தை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொன்னோம்.

உணவை மட்டும் மாற்றி மூன்று மாதம் பார்க்கலாமே என்று கேட்டார். உணவுக் கட்டுப்பாட்டை அவர் ஏற்கெனவே ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டார், 351 என்பது 322 ஆனது. அதையே அவருக்குக் காட்டினோம். உணவும் உடற்பயிற்சியும் தொடரட்டும், ஆனால் ஏற்பிக் குறைபாட்டை அவற்றால் ஈடுகட்ட முடியாது என்று சொன்னோம்.

ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. தொடங்கினோம். எட்டு வாரத்தில் எல்டிஎல் 145, பாதிக்கும் மேலான இறக்கம். எங்கள் முதல் இலக்கு 70க்குக் கீழே. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். எனவே குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மி.கி.யைச் சேர்த்தோம். 112 ஆனது. பிறகு ரோசுவாஸ்டாட்டினை 40 ஆக்கியும் 106இல் நின்றது.

இடையில் ஒரு சிக்கல். கெண்டைக்கால் தசை வலிக்கிறது என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்தார். ஸ்டாட்டின் தசையைக் கெடுக்கும் என்று எங்கோ படித்திருந்தார். தசை நொதியான சிபிகே பார்த்தபோது 640, இயல்பைவிட அதிகம். விசாரித்தால், அதற்கு இரண்டு நாள் முன்புதான் பல மாத இடைவெளிக்குப் பிறகு நீண்ட தூரம் ஓடியிருக்கிறார். கடுமையான ஓட்டமே இந்த நொதியை இந்த அளவுக்கு உயர்த்தும். ஸ்டாட்டினை நிறுத்தியே ஆக வேண்டிய எல்லை இயல்பு உச்சத்தைப் போலப் பத்து மடங்கு. மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, ஒரு வாரம் ஓடாமல் இருக்கச் சொல்லி மறுபடி அளந்தோம்: 170. வலியும் போயிருந்தது. ஓட்டத்தை நிறுத்தியபோது மாத்திரையையும் நிறுத்தியிருந்தால் எது காரணம் என்று தெரியாமலே போயிருக்கும், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர் என்ற முத்திரையும் அவர் மேல் விழுந்திருக்கும்.

முதல் இரண்டு சோதனைகளின் சராசரியான 299லிருந்து 106க்கு வந்துவிட்டது, போதாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எஃப்எச் இல்லாத ஒருவருக்கு 106 மோசமான எண் அல்ல. இவருடைய ரத்தக்குழாய்களில் முப்பத்து நாலு வருடப் படிவு ஏற்கெனவே இருக்கிறது, சுருக்கமும் தொடங்கிவிட்டது. அதனால்தான் எங்கள் இலக்கு கடுமையானது. ஈரலின் எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தை முடக்கும் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளச் சொன்னோம். வாழ்நாள் முழுக்க ஊசி என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அவசரப்படுத்தவில்லை, சில மாதம் யோசித்த பிறகே ஒப்புக்கொண்டார்.

குடும்பத்தில் தேடியது

எஃப்எச் உறுதியான நாளிலேயே தேட வேண்டியவர்களின் பட்டியல் தயாராகிவிடும்: உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், இறந்த அப்பாவின் உடன்பிறந்தவர்கள். உறவினர்களை நாங்களே போனில் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. அது அவருடைய அந்தரங்கம். எனவே என்ன நோய், ஏன் சோதிக்க வேண்டும், எந்தச் சோதனை, எந்த அளவைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பிறழ்வின் விவரத்தையும் அதில் சேர்த்தோம். யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்தார்.

தங்கைக்கு 31 வயது. "எனக்கு ஒரு கட்டியும் இல்லையே" என்றுதான் முதலில் கேட்டார். தசைநாண், கண், இமை எதிலும் எந்த அடையாளமும் இல்லை. எல்டிஎல் 248. டச்சு மதிப்பெண் போட்டால் எல்டிஎல்லுக்கு 3, குடும்ப வரலாற்றுக்கு அதிகபட்சம் 2, ஆக 5. சாத்தியம் உண்டு என்ற நிலைதான். அண்ணனிடம் கண்ட அதே பிறழ்வு அவரிடமும் இருந்ததால் விஷயம் முடிந்தது. அந்த மதிப்பெண் முறை குடும்பத்தில் முதலில் கண்டுபிடிக்கப்படுபவருக்காக உருவானது, உறவினர்களுக்குப் போட்டால் குறைத்துக் காட்டும். தங்கை அப்போது குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். கர்ப்பத்துக்கு முயல்வதற்கு முன்பே ஸ்டாட்டினை நிறுத்துவது வழக்கம் என்பதால், சில மாதங்களுக்காக அதைத் தொடங்க வேண்டாம் என்று முடிவாயிற்று. இதயப் பரிசோதனைகளை மட்டும் முன்கூட்டியே முடித்துக்கொண்டார். கர்ப்ப காலத்தில் எல்லாருக்குமே கொலஸ்ட்ரால் உயரும், அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தோம்.

மகனுக்கு எல்டிஎல் 204, மகளுக்கு 92. மரபணுச் சோதனையும் அதற்கேற்பவே வந்தது. மகள் இந்தக் கணக்கிலிருந்து விடுபட்டாள். மகன் விஷயத்தில் தாய் மிகவும் கலங்கிப்போனார். விளையாட்டை நிறுத்த வேண்டுமா, பள்ளியில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். எதுவும் வேண்டாம், அவன் நோயாளி அல்ல என்பதைத்தான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. 8லிருந்து 10 வயதுக்குள் குறைந்த அளவு ஸ்டாட்டின் தொடங்கலாம். குடும்பத்துக்கு யோசிக்க நேரம் கொடுத்து, 10 வயதில் தொடங்கினோம். அப்பாவுக்கு 34 வயதில் ஆரம்பித்தது இவனுக்கு 10இல் ஆரம்பிக்கிறது, அந்த 24 வருடம்தான் லாபம்.

எதிர்பாராத தகவல் சித்தப்பாவிடமிருந்து வந்தது. வயது 55, ஐந்து வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தவர். "எனக்கு எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்று சொல்லி எல்டிஎல் 171 என்றிருந்த ரிப்போர்ட்டைக் காட்டினார். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அளவு மாத்திரை எல்டிஎல்லை 37 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். அப்படியென்றால் மாத்திரை இல்லாத அளவு 270ஐ ஒட்டி இருந்திருக்கும். மாத்திரை சாப்பிடுபவரின் எண்ணை அப்படியே படித்தால் மரபுவழி நோய் கண்ணில் படாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு 171 கட்டுக்குள் இருக்கும் அளவும் அல்ல.

இப்போதைய நிலை

ஊசி தொடங்கிய பிறகு அவருடைய எல்டிஎல் 47. குதிகால் வலி பெரும்பாலும் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து எடுத்த அல்ட்ராசவுண்டில் தசைநாண் தடிமன் கொஞ்சமே குறைந்திருக்கிறது. இந்தப் படிவுகள் மெதுவாகத்தான் கரையும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். ஓட்டம் தொடர்கிறது. மகனின் எல்டிஎல் 128. குழந்தைகளுக்கு வைத்த 130 என்ற இலக்குக்குள் இருக்கிறான், வளர்ச்சியிலும் குறை இல்லை. தங்கை இப்போது கர்ப்பமாக இருக்கிறார், பிரசவமும் தாய்ப்பாலும் முடிந்த பிறகு மாத்திரை தொடங்கும். சித்தப்பாவின் மருந்து அளவு கூட்டப்பட்டு எசெட்டிமைபும் சேர்ந்திருக்கிறது. அவருடைய மகன்களில் ஒருவர் சோதித்துக்கொண்டார், இல்லை என்று வந்தது. இன்னொருவர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் சோதிக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

ஆய்வகங்கள் எல்டிஎல் 190ஐத் தாண்டினால் நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் "மரபுவழிக் காரணம் உண்டா என்று பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்த்து அச்சிடலாம். செலவில்லாத மாற்றம். வேலைக்குச் சேரும்போது நடக்கும் சோதனைகளில் மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்தாலும் 300ஐத் தாண்டியவரை முழு லிப்பிட் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் குடும்பத்தில் அது ஐந்து வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

மாரடைப்பில் அனுமதிக்கப்படுபவருக்கு முதல் நாளிலேயே கொலஸ்ட்ரால் எடுத்துவிட வேண்டும். தாமதமாக எடுத்த அளவு என்றால் டிஸ்சார்ஜ் தாளில் அதை எழுத வேண்டும். 60 வயதுக்குள் மாரடைப்பு வந்தவரின் பிள்ளைகளைச் சோதிக்கச் சொல்வதும் அதே தாளில் இடம்பெறலாம். சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த நாளில் யாராவது அப்படி எழுதியிருந்தால் தேடல் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கியிருக்கும்.

எங்கள் கிளினிக்கின் படிவத்தில் "குடும்பத்தில் இதய நோய்: உண்டு/இல்லை" என்றிருந்த கட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது யாருக்கு, எத்தனை வயதில் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரு பக்கக் குதிகால் வலியோடு யார் வந்தாலும் தசைநாணையும் விரல் முட்டிகளையும் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது, அரை நிமிட வேலை. உறவினர்களுக்கான கடிதத்தில் ஒரு திருத்தம் செய்தோம்: "மாத்திரை சாப்பிடுபவர்கள், தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவரவும்" என்ற வரியை மேலே கொண்டுவந்திருக்கிறோம்.